இரண்டு நாளில் புது டிஸ்க்

போன மாதம் மகளுக்கு ஒரு லெப்டொப் வாங்கலாம் என்று, நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த அதே புத்தளம் கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்ற தம்பி புதியவர். என்னை அவருக்குத் தெரியாது. நல்ல பிள்ளை, கதிரை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். "இது கெதியில பழுதாகுமா தம்பி?" என்று கேட்டேன். "மூணு வருஷம் வொரண்டி இருக்கு சேர், நீங்க ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்ல" என்றார். நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைத் திட்டவும் முடியவில்லை, ஏனென்றால் அந்த வசனத்தை அந்தக் கவுண்டருக்குக் கொண்டுவந்தவன் நான்.

கடையை இப்போது பழைய முதலாளியின் மகன் பார்க்கிறார். கடையில் புதிதாக வேலைக்குச் சேர்கிற உங்களைப் போன்ற தம்பிமாருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி அவர் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நான்தான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்த சூட்டோடு எழுத உட்கார்ந்தேன். மெஷினை எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்றெல்லாம் எழுத மாட்டேன். அதை நீங்கள் போனிலேயே பார்த்துப் படித்துவிடுகிறீர்கள், என்னைவிட நன்றாகவும் செய்கிறீர்கள். எனக்குச் சொல்ல இருப்பது வாடிக்கையாளருக்கு முன்னால் நின்று வாயைத் திறக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த காலத்தில் கணினி என்பது ஒரு காய்ச்சல் போலப் பரவியது. சங்கம், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோயில், இறால் பண்ணை என்று எல்லோருக்கும் ஒன்று வேண்டும். என்ன வேலைக்கு என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ஆனால் எல்லோரும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று இருந்தது: வொரண்டி எத்தனை வருடம்? நாங்கள் ஒரு வருடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கத்தில் ஒரு கடை திறந்து இரண்டு வருடம் என்று பலகை வைத்தார்கள். அடுத்த கிழமையே நாங்கள் சில மாடல்களுக்கு மூன்று என்று வைத்தோம். மெஷின் அதே மெஷின்தான், ஒரு ஆணிகூட மாறவில்லை. இதில் சிரிப்பு என்னவென்றால், வருடம் என்று நாங்கள் சொன்னது முழு வருடமும் இல்லை. வருடத்துக்குப் பதினான்கு நாள் குறைவு என்று பில்லின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் இருக்கும். அதை வாசித்துக்கொண்டு வந்து என்னோடு சண்டை பிடித்தவர் என் காலத்தில் ஒரேயொருவர்தான், அவரும் சட்டத்தரணி.

வண்ணாத்திவில்லுப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றின் தலைவர் அரைநாள் என்னோடு மல்லுக்கட்டி, இரண்டு வருட வொரண்டியுள்ள மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். பெரிய மனிதர் ஒருவர் வந்து நாடா வெட்டிய பிறகுதான் பெட்டியைத் திறப்பது என்று சங்கத்தில் தீர்மானம். பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பெரிய மனிதருக்கு நேரம் கிடைக்க இரண்டு வருடமும் சில மாதங்களும் போய்விட்டன. மேளதாளத்தோடு நாடா வெட்டி, சுவிட்சைப் போட்டால் மெஷின் எழும்பவில்லை. மறுநாள் தலைவர் பெட்டியோடு வந்து நின்றார்.

"பெட்டியத் திறக்கவே இல்ல. திறக்காத பெட்டிக்கு எப்பிடி வொரண்டி முடியும்?"

"பில்லில இருக்கிற திகதியில இருந்துதான் கணக்கு, தலைவர்."

"அப்ப இந்த ரெண்டு வருஷமும் நாங்க எதக் காவல் காத்த?"

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் பல வருடம் சிரித்திருக்கிறேன். வொரண்டி என்பது பெட்டிக்குள் மெஷினோடு சேர்த்து வைத்துக் கட்டியிருக்கிற ஒரு சாமான் என்று அந்த மனிதர் நினைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் எனக்கு அவரைவிடக் கூடுதலாக ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. அவராவது அதைக் காசு கொடுத்து வாங்கி ஏமாந்தார். நான் அதை விற்றுக்கொண்டிருந்தேன்.

எந்த மெஷின் நம்பிக்கையானது என்பது எனக்கு அப்போதே தெரியும் என்பதுதான் இன்னும் எரிச்சல். கடையின் பின்னறையில் பழுதாகித் திரும்பி வந்தவற்றை அடுக்குகிற தட்டு இருந்தது. எது அடிக்கடி வருகிறது, எது ஒருமுறையும் வராது, கடற்காற்றில் எது ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது என்று அந்தத் தட்டைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். கற்பிட்டிப் பக்கம் போகிற மெஷின்களுக்கு உப்புக்காற்றுதான் முதல் எதிரி. துருவுக்கோ இடிமின்னலுக்கோ எந்த வொரண்டியும் கிடையாது. இவ்வளவும் தெரிந்த நான் கவுண்டருக்கு வந்ததும் பின்னறையை மறந்துவிட்டு, "மூண்டு வருஷம்" என்று விரல் காட்டுவேன். விற்கிறபோது ஒரு வாய், திருத்துகிறபோது ஒரு வாய். நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள் என்பது போன மாதம் தெரிந்தது.

இனி ஸமீனா டீச்சரின் விஷயத்துக்கு வருகிறேன்.

குறிஞ்சிப்பிட்டியில் வீதியோரமாக டைப் செய்கிற கடை ஒன்று வைத்திருந்தார் ஸமீனா டீச்சர். கடிதம், படிவம், போட்டோப் பிரதி, பின்னேரத்தில் பிள்ளைகளுக்குத் தட்டச்சு வகுப்பு. அதனால்தான் டீச்சர் என்று பெயர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம். ஆட்கள் எதிரில் உட்கார்ந்து பேசப் பேச, கையால் எழுதி வைக்காமல் நேரே டைப் அடித்துக்கொண்டு போவார். அவ்வளவு வேகம். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது, அது நியாயமான பெருமை.

பழைய மெஷின் கைவிட்டதும் புதிது வாங்க எங்கள் கடைக்கு வந்தார். கையில் ஒரு கடதாசித் துண்டு. கணினி ஒன்று, பிரிண்டர் ஒன்று, எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வெளியே தனியாக வைக்கிற டிஸ்க் ஒன்று என்று அதில் எழுதியிருந்தது. நான் இரண்டு மெஷின்களைக் காட்டினேன். ஒன்று பார்வைக்குச் சாதாரணம், ஒரு வருட வொரண்டி, பின்னறைத் தட்டில் நான் அதிகம் காணாதது. மற்றது புது மாடல், மூன்று வருடம். அவர் கொண்டுவந்த தொகைக்கு முதலாவதை எடுத்தால் வெளி டிஸ்க்கும் சேர்த்து வாங்கலாம். இரண்டாவதை எடுத்தால் வாங்க முடியாது.

"வெளி டிஸ்க் என்னத்துக்கு டீச்சர்? மூண்டு வருஷம் வொரண்டி இருக்கே" என்றேன்.

"பழுதாகினா என்ன செய்வீங்க?"

"புதுசு தருவம்."

"அப்ப சரி அண்ணன்" என்று துண்டில் இருந்த மூன்றாவது வரியை என் பேனையாலேயே வெட்டினார். நான் பெரிய உபகாரம் செய்த மாதிரி நின்றேன்.

மெஷினின் பின்பக்கத்தில் எங்கள் கடையின் சீல் ஸ்டிக்கரை ஒட்டிக் காட்டி, "இது கிழிஞ்சா வொரண்டி இல்ல. வேற ஆரையும் கை வைக்க விடாதையுங்கோ" என்று எச்சரித்தேன். எல்லோருக்கும் சொல்கிறதுதான். பத்துப் பேரில் எட்டுப் பேர் அடுத்த மாதமே கிழித்துவிடுவார்கள். ஆனால் இந்தக் கரையில் அமானிதம் என்று ஒரு சொல் புழங்குகிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அந்தப் பெயர். அதில் கை வைப்பது பாவம். ஸமீனா டீச்சர் அந்த ஸ்டிக்கரை அந்த வகையில் சேர்த்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில்தான் அவர்களுடைய பழைய ஊரில் காணிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது. உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள் காணியின் நான்கு எல்லைகளையும் தெளிவாகச் சொல்லி, படிவங்களை அத்தாட்சிப்படுத்துகிற சமாதான நீதவானின் கையொப்பத்தோடு, கொடுத்த கடைசித் திகதிக்குள் அங்கேயுள்ள அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பத்திரம் யாரிடம் இருந்தது? சுற்றுவட்டாரத்தில் நாற்பத்து மூன்று குடும்பம் டீச்சரிடம் வந்தது. ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்கார்ந்து, வடக்கே இன்னாரின் கிணறு, கிழக்கே இன்னாரின் வேலி என்று சொல்லச் சொல்ல அவர் அடித்து முடித்தார். நீதவான் கொஞ்சம் கண்டிப்பானவர். கையால் வெட்டித் திருத்திய தாளில் ஒப்பம் வைக்க மாட்டேன், எல்லோரும் சொல்லி முடித்த பிறகு சுத்தமாகப் பிரிண்ட் எடுங்கள், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வந்து ஒரேயடியாக வைத்துத் தருகிறேன் என்றிருந்தார். ஆகவே நாற்பத்து மூன்று குடும்பத்தின் காணியும் அச்சாகாமல் அந்த ஒரு டிஸ்க்குக்குள் இருந்தது.

அந்த வெள்ளிக்கு எட்டு நாள் முன்னால் மெஷினுக்குள் டக் டக் என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. சில வேளை திறந்தது, சில வேளை திறக்கவில்லை. கற்பிட்டியில் போன் திருத்துகிற அவருடைய மச்சான் முறையான ஒருவர் வந்து பார்த்துவிட்டு, டிஸ்க் சாகப் போகிறது, இப்போதே கழற்றித் தந்தால் உள்ளே இருப்பதை என்னுடைய மெஷினுக்கு எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். சரியாகச் சொன்னார். நான் அதற்குப் பிறகு பார்த்த எந்தப் பொறியியலாளரும் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். மறுநாள் டீச்சர் எனக்குப் போன் எடுத்தார்.

"அண்ணன், மச்சான் திறந்து பாக்கிறன் எண்டு சொல்றாரு. சீல உடைக்கலாமா?"

"வேண்டாம், வேண்டாம். உடைச்சா கொழும்புக் கம்பனிக்காரர் ஒண்டும் தரமாட்டாங்கள். நிப்பாட்டி வையுங்கோ, நான் வந்து எடுக்கிறன்."

என்ன இருக்கிறது அதற்குள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும். இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். இடையில் சனி, ஞாயிறு, திங்கள் பௌர்ணமிப் போயா விடுமுறை. அந்த நாட்கள் முழுவதும் மச்சான்காரர் கெஞ்சியும் டீச்சர் அந்த ஸ்டிக்கரில் நகம் பட விடவில்லை. நான் செவ்வாய்க்கிழமை கடை வேனில் போய் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பிறகு நான் காட்டிய சுறுசுறுப்பு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றி அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பினேன். வழக்கமாக மூன்று கிழமை இழுத்தடிக்கிற இறக்குமதிக் கம்பனிக்கு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் போன் எடுத்தேன். சத்தம் போட்டேன், பழைய சிநேகிதங்களையெல்லாம் கிளறினேன். வியாழன் காலையில் பளபளவென்று புது டிஸ்க் வந்து இறங்கியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. "அல்ஹம்துலில்லாஹ், ரெண்டு நாள்ல புது டிஸ்க் எண்டு வெளிய பெருசா எழுதி ஒட்டுங்க. எதிர்க் கடையில ஈக்கிறவங்க பாக்கட்டும்" என்றார். மத்தியானமே மெஷினைப் பூட்டிச் சரிபார்த்து, குறிஞ்சிப்பிட்டிக்கு நானே கொண்டுபோனேன். மறுநாள்தான் நீதவான் வருகிற வெள்ளி என்பது எனக்குத் தெரியாது.

டீச்சர் சுவிட்சைப் போட்டார். திரை சட்டென்று வெளித்தது. "முந்தியவிட கெதியா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரம் எதையோ தேடினார்.

"படிவமெல்லாம் எங்க வச்சீங்க அண்ணன்?"

"எந்தப் படிவம்?"

"காணிப் படிவம். நாப்பத்து மூணும்."

"இது புது டிஸ்க் டீச்சர். பழசில இருந்தது பழசிலதான்."

"அப்ப பழசத் தாங்க."

"பழசக் குடுத்தாத்தானே அவங்கள் புதுசு தருவாங்கள்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "புதுசு தருவம் எண்டு மட்டும்தானே சொன்னீங்க. பழச எடுப்பம் எண்டு சொல்லல்லயே" என்றார். நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்க வந்த இரண்டு பேர் கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் டீச்சர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். கம்பனிக் கவுண்டரில் குளிரூட்டிக்குக் கீழே ஒரு பிள்ளை, மரியாதையென்றால் அப்படி ஒரு மரியாதை. பில்லைத் தட்டிப் பார்த்தார்.

"சேர், உங்களுக்கு புதுசு தந்திருக்கே. அதுல ஏதும் பிரச்சினையா?"

"புதுசு நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பழசு வேணும்."

"பழசு பழுதானது சேர்."

"தெரியும். பழுதானதுதான் வேணும்."

அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேருக்கும் நான் கேட்பது விளங்கவில்லை. இப்படி ஒரு வேண்டுகோள் அவர்களுக்கு வந்ததேயில்லையாம். கடைசியில் களஞ்சியத்துக்குப் போன் எடுத்துக் கேட்டார்கள். அந்த மாதத்துப் பழுதான டிஸ்க்குகள் முழுவதும் முதல் நாள் பின்னேரமே பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு ஏற்றியாகிவிட்டது. மூன்று கிழமை இழுத்தடிக்கிற கம்பனி, நான் கத்திய கத்தலில் அந்த ஒரு முறை வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. நான் வாய் பேசாமல் இருந்திருந்தால் அந்த டிஸ்க் இன்னும் கம்பனியின் புத்தளம் பார்சல் தட்டிலேயே கிடந்திருக்கும். அந்தப் பிள்ளை ஒரு தாளை நீட்டி, எங்கள் சேவையில் வாடிக்கையாளருக்குத் திருப்தியா என்று அடையாளமிடச் சொன்னார். நான் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் நின்று வொரண்டி அட்டையை முதன்முதலாக முழுவதும் வாசித்தேன். ஆறாவது வரி ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தது, டிஸ்க்கில் இருக்கும் தகவலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று. எத்தனையோ பேருக்கு அந்த அட்டையை என் கையால் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்காவது அந்த வரியைத் தமிழில் சொன்னதில்லை. முதலாளி போன் எடுத்து, "புது டிஸ்க் குடுத்தாச்சிதானே, இன்னமென்ன பிரச்சினை?" என்று கேட்டார். யாரும் ஒரு பிழையும் செய்யவில்லை. கம்பனி சொன்னதைச் செய்தது, கடை சொன்னதைச் செய்தது, வொரண்டி முழுக்க முழுக்க நிறைவேறியது.

கடைசித் திகதிக்கு ஐந்து நாள் இருந்தது. நான் லீவு போட்டேன். டீச்சர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார், நான் மோட்டார் சைக்கிளில் ஆட்களைத் தேடிப் போனேன். முந்தலில் இறால் பண்ணைகளில் வேலை செய்தவர்கள், கற்பிட்டியில் வெங்காயத் தோட்டத்தில் நின்றவர்கள், படகால் இறங்கியவுடன் பிடிக்க வேண்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் அதே கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "புது டிஸ்க் வந்திட்டு எண்டுறீங்க, பிறகு ஏன் நான் வரணும்?" என்றார். இன்னொருவர் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, "முந்திச் சொன்னதத்தான் திருப்பிச் சொல்லணுமா, இல்ல இப்ப ஞாபகம் வாறதச் சொல்லலாமா?" என்று கேட்டார். டீச்சர் அந்த நாட்களில் முதல் தடவையாகச் சிரித்தார். ஒவ்வொருவரும் சொல்லி முடிந்ததும் உடனே இரண்டு பிரதி பிரிண்ட் எடுத்தார். நான் சொல்லாமலேயே ஒரு பென்டிரைவிலும் போட்டு மச்சானிடம் கொடுத்தார்.

உங்களுக்கான பாடம் எங்கே என்று தேடுவீர்கள், இதோ சொல்லிவிடுகிறேன். மெஷின் எத்தனை தரம் பழுதாகும் என்பது ஒரு விஷயம், அதைப் பின்னறைத் தட்டில் பாருங்கள். பழுதானால் செலவு யாருடையது என்பது இன்னொரு விஷயம், வொரண்டி சொல்வது அதை மட்டும்தான். இவை இரண்டையும் விட்டால், பழுதாகிற நாளில் அந்த ஆளுக்கு என்ன போகும் என்று ஒன்று இருக்கிறது. அதை எந்த அட்டையும் சொல்லாது, நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். இதற்குள் என்ன வைக்கப் போகிறீர்கள், அது வேறு எங்கே இருக்கும், மெஷின் ஒரு மாதம் எங்களிடம் கிடந்தால் உங்கள் பாடு என்ன? இதைக் கேட்டுவிட்டு வருடக் கணக்கைச் சொல்லுங்கள். இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறது ஐயா என்று சொல்ல வருவீர்கள். கடவுச்சொல்லை மறந்துவிட்டு அந்தக் கவுண்டரில் வந்து அழுதவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டபோது, சீலை உடையுங்கள், வொரண்டி போனால் போகட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வொரண்டியை எந்த நேரத்தில் கைவிட வேண்டும் என்று தெரியாதவன் அதை விற்கத் தகுதியில்லாதவன்.

செவ்வாய் மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டு முடிந்தது. மிச்சம் ஒன்று. ஹனீபா காக்காவின் படிவம். அவர் டீச்சரிடம் வந்து எல்லாம் சொல்லிவிட்டுப் போய், மெஷின் பழுதாவதற்கு இரண்டு கிழமை முன்னால் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். அவருடைய மகன் ரியாஸ் வந்தார். மேசன் வேலை செய்பவர், புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தக் காணியை அவர் கண்ணால் கண்டதில்லை.

"வாப்பா இங்க வந்து ஒரு மணித்தியாலம் இருந்தாரு. நான் வெளிய பைக்குல இருந்த" என்றார்.

"வீட்ட வந்து ஒண்டும் சொல்லலயா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல. டீச்சருக்கிட்ட எல்லாம் சொல்லிட்டன், இனி நீ யோசிக்காத எண்டாரு."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு விரல்களை எழுத்துகளின் மேல் வைத்தார். வடக்கே பள்ளிவாசல் கிணற்றுக்குப் போகிற ஒழுங்கை. கிழக்கே காசீம் மரைக்காரின் பனை வேலி. மேற்கே வண்டிப் பாதை. மூன்றும் வந்தன. தெற்கே என்று அடித்துவிட்டு விரல்கள் நின்றுவிட்டன. பக்கத்துக் காணிக்காரர்கள் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தேன், ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அதில் ஒன்றைப் போட்டுவிடலாமே என்றேன். டீச்சர் மறுத்துவிட்டார். "அவர் சொன்னது வேற. எது எண்டுதான் வருதில்ல. இல்லாதத நான் எப்பிடி அடிக்கிற?" என்றார். வேண்டாவெறுப்போடு இரண்டாம் தடவை வந்திருந்த நீதவானும் மூன்று எல்லைக்கு ஒப்பம் வைத்தார். ரியாஸ் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். "பரவால்ல அண்ணன்" என்றார். அதற்கு அவர் ஏசியிருக்கலாம்.

மறுநாள் கடைசித் திகதி. படிவக் கட்டை நானே கொண்டுபோனேன், வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. அலுவலகத்தில் ஒரு எழுதுவினைஞர் ஒவ்வொன்றாகப் புரட்டித் திகதி முத்திரை குத்திக்கொண்டு வந்தார். அந்தப் படிவத்தில் கையை நிறுத்தினார்.

"தெற்கெல்லை விடுபட்டிருக்கு. அது தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

"இருந்தவர்" என்றேன். "எங்களிட்டச் சொல்லித்தான் வச்சவர்."

அவர் முத்திரையைக் குத்தாமல், அதை மட்டும் எடுத்துத் தனியாக வேறொரு பக்கத்தில் வைத்தார்.